ஜெனரேட்டர் சுருதியில் ஒரு கச்சேரி

1

கொலோன் நகரில் இன்று சரஸ்வதி பூஜை. அதாவது என் வீட்டில் மட்டும். வெளியே வழக்கமான தூறல், வழக்கமான டிராம் சத்தம். எதிர்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டிகளை ஒரே கோட்டில் நிறுத்தி வைத்து, தள்ளி நின்று சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் ஒரு பூஜை இருக்கிறது, பாவம்.

காலையில் மார்கிட் போன் செய்தாள். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாசிக்கிற குழுவில் மின்சாரப் பெட்டிகளை வைத்துக்கொண்டு சத்தம் உண்டாக்குகிறவள் அவள். மாலை ஒத்திகைக்கு எத்தனை மணிக்கு வருவேன் என்று கேட்டாள். என் வயலினுக்கு இன்று லீவு என்றேன்.

"உடைந்துவிட்டதா?"

"இல்லை. இன்று ஒரு நாள் அது சாமி. சாமியை எடுத்து வாசிக்க முடியாது. நாளைக்குத்தான் எடுக்கலாம்."

இந்த ஊர்க்காரர்களின் கேலி வரப்போகிறது என்று நான் தயாராக இருந்தேன். அவளோ, "என் பெட்டியையும் உன் வயலின் பக்கத்தில் வைக்கலாமா?" என்று கேட்டாள். மத்தியானமே கொண்டுவந்தும் விட்டாள். சந்தனம் திருகுகளுக்குள் போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் அவளுடைய கவலை. ஓரமாகப் பார்த்து ஒரு பொட்டு வைத்தேன்.

என் மகள் நிலாவுக்குப் பதிமூன்று வயது. வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தாள். மானம் போகிறது என்பதற்கு ஜெர்மன் பாஷையில் ஒரே ஒரு சொல் உண்டு. அதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தமிழில் சொல் என்றால் சொல்ல மாட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சண்டை என்று வந்தால் இரண்டு பேருமே கத்துகிறோமே தவிர, யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

சுண்டல் தாளித்துக்கொண்டே போன வருஷத்து ஆயுதபூஜையை நினைத்துக்கொண்டேன். அப்போது நான் ஒசூரில் இருந்தேன். அதை எழுதிவிட வேண்டும் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். என் அக்கா என் வாசிப்பை வாசிப்பு என்று ஒப்புக்கொள்வாளா மாட்டாளா என்பதுதான் விஷயம். வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். எனக்கு ஜெர்மனியில் கிடைத்த எல்லாக் கைதட்டலையும் ஒரு பக்கம் வைத்தாலும் அது தீரவில்லை. ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒழுங்காகக் கர்நாடக சங்கீதம் கற்ற ஒரு பெண் எதற்காக மெஷின் சத்தத்தோடு வாசிக்கப் போனாள்?

2

அப்பா ஊத்தங்கரைப் பக்கத்தில் இருந்த மானாவாரி நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு ஒசூருக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த நேரம். அவருக்கு வார்ப்படக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. நாங்கள் இருந்த லைன் வீட்டில் ஒரு பக்கம் கன்னடக்காரர்கள், மறுபக்கம் தெலுங்குக்காரர்கள், பின்னால் திருநெல்வேலிக் குடும்பம். மூன்று விதமாகவும் சண்டை போடத் தெரிந்தால்தான் குழாயடியில் குடம் நிறையும்.

அப்பாவுக்குப் பாட்டுப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்காவையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றி எல்லை தாண்டி பெங்களூருக்குக் கூட்டிப்போவார். அங்கே ஒரு டீச்சரம்மா எங்களைக் கன்னடத்தில் திட்டி, தெலுங்கில் பாடவைத்து, தமிழில் காபி குடிக்கச் சொல்வார். என் அக்கா கலைச்செல்விக்குக் குரல் வந்தது. எனக்கு வரவில்லை. "ஒருத்தி பாடினால் பக்கத்தில் உட்கார ஒருத்தி வேண்டாமா" என்று என் மடியில் வயலினை வைத்தார் டீச்சரம்மா. நான் ஆசைப்பட்டு வயலின்காரி ஆகவில்லை. அக்காவுக்குத் துணையாக ஆனேன்.

பக்கவாத்தியம் வாசிப்பது தனி வேலை. பாடுகிறவள் அடுத்து என்ன பாடப்போகிறாள் என்று நமக்குத் தெரியாது. அவள் ஒரு பிடி, அதாவது ராகத்தில் ஒரு சின்னத் துண்டு, பாடினால் அரை மூச்சு தள்ளி அதையே நாம் வாசிக்க வேண்டும். அவள் மூச்சு வாங்கும்போது அந்த இடத்தை நிரப்ப வேண்டும். வெந்நீர் குடித்தால் குடித்து முடிக்கும்வரை அவள் விட்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நமக்கென்று தனியாக வாசிக்க இடம் கொடுப்பார்கள். அதிலும் அவள் பாடியதைவிடச் சுருக்கமாக முடித்துக்கொள்வதுதான் மரியாதை. எனக்கு அக்காவின் கழுத்தைப் பார்த்தால் போதும், எங்கே போகிறாள் என்று சொல்லிவிடுவேன்.

கிருஷ்ணகிரியில் ராமநவமிப் பந்தல், மத்தூரில் கல்யாணம், ஒசூரில் கம்பெனி கம்பெனியாக ஆயுதபூஜை என்று இருவரும் சுற்றினோம். ஒசூரில் பாடுவது லேசுப்பட்ட காரியமில்லை. தெலுங்குக் கீர்த்தனையில் அக்கா ஒரு வார்த்தையை முழுங்கினால் முன்வரிசையில் இருக்கும் காய்கறிக்காரம்மாவே எழுந்து திருத்திவிடும். அக்காவோ அதைவிடக் கறார். சுருதி அவளுக்கு உயிர். கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் கிரைண்டர் ஓடுகிறது, அது தன் சுருதியோடு உரசுகிறது என்று பாதிப் பாட்டில் நிறுத்தி, மாப்பிள்ளையின் அப்பாவை எழுப்பி அனுப்பி கிரைண்டரை அணைக்கச் சொன்னவள். சட்னி இல்லாமல் இட்லி சாப்பிட்டது அந்தக் கல்யாணம்.

பிறகு எனக்குக் குமரேசனோடு கல்யாணம் ஆயிற்று. ஒரு கம்பெனியில் மெஷின்களின் மின்சாரப் பகுதியைப் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கேயே வேலையும் கொடுத்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் வயலினோடு போய்ச் சேர்ந்தேன். கிளம்புகிற அன்றைக்கு அக்கா அழவில்லை. "எனக்கு இனிமே யாருடி வாசிப்பா?" என்று மட்டும் கேட்டாள். அதை அவள் கோபமாகக் கேட்டதால் எனக்கு அழ வசதியாக இருந்தது.

3

அயல்நாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்காக உட்கார்ந்திருந்தோம். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கேள்வி கேட்க, குமரேசன் மொழிபெயர்த்தார்.

"தொழில்?"

"வயலின்."

"எந்த ஆர்க்கெஸ்ட்ராவில்?"

"அக்காவோடு."

குமரேசன் ஒரு வார்த்தை குறையாமல் அப்படியே சொன்னார். அந்த மனிதரிடம் அதுதான் கஷ்டம். அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"அக்கா இப்போது எங்கே?"

"ஒசூரில்."

"அப்படியென்றால் இங்கே யாரோடு வாசிப்பீர்கள்?"

நான் குமரேசனைப் பார்த்தேன், குமரேசன் என்னைப் பார்த்தார். அம்மாள் 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொண்டார். வருகிற வழியெல்லாம் குமரேசனைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் அந்த அம்மாள் கேட்டது நியாயம்தான். நான் தனியாக வாசித்ததே கிடையாது. பாட ஆள் இல்லாமல் வயலினை எடுத்தால் கை காத்துக்கொண்டிருக்கும். எதற்குப் பின்னால் போவது என்று அதற்குத் தெரியாது.

பாஷையும் வரவில்லை. இங்கே 'நீ', 'நீங்கள்' இரண்டும் உண்டு, நம் ஊர் போலவே. பதற்றத்தில் அலுவலகத்து அம்மாளை 'நீ' என்றும், பக்கத்து வீட்டு நாயை 'நீங்கள்' என்றும் சில மாதங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாய் மட்டும் என்னோடு பிரியமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் சமையலறையில் உட்கார்ந்து தந்திகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் சுருதி அஞ்சு கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் அஞ்சாவது வெள்ளைக் கட்டை. பழக்கத்தில் நானும் அதற்குத்தான் சேர்ப்பேன். எதுவோ இடித்தது. பார்த்தால் ஃபிரிட்ஜ். 'ம்ம்ம்' என்று அது பிடித்துக்கொண்டிருந்த சுருதி, அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் இருந்த டிரான்ஸ்பார்மர் இரவும் பகலும் இதே சுருதியில்தான் முனகும். குமரேசனிடம் சொன்னேன். "ரெண்டு ஊர்லயும் அம்பது சைக்கிள் கரண்டுதான், ஒரே சத்தம்தான் வரும்" என்றார், இதில் என்ன அதிசயம் என்கிற மாதிரி.

எனக்கு அதிசயமாகத்தான் இருந்தது. தந்திகளை முறுக்குகிற பிருடைகளைத் திருகி ஃபிரிட்ஜுக்குச் சேர்த்துக்கொண்டு வாசித்தேன். ஃபிரிட்ஜ் நடுவில் நின்றுவிடும். நின்றதும் நானும் நிற்பேன். மறுபடி அது கிளம்பும்போது ஒரு உதறல் உதறும். அந்த உதறலையும் வில்லில் கொண்டுவரப் பார்ப்பேன். குமரேசன் சாப்பாட்டுத் தட்டோடு நின்று வேடிக்கை பார்ப்பார். "உங்க அக்காவுக்கு அப்புறம் உனக்கு இதுதான் கெடச்சுதா?" என்று கேட்பார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் முதல் முதலாகச் சிரித்தது அந்த நாட்களில்தான்.

4

குமரேசனோடு வேலை செய்யும் டீட்டர் என்பவர் பெரிய பாஸ் வயலினை நின்றுகொண்டு வாசிப்பவர். மூடிக்கிடக்கும் ஒரு நூல் மில்லில் வாரம் ஒருமுறை அவரும் மார்கிட்டும் சேர்ந்து வாசிப்பார்கள். என்னையும் கூப்பிட்டார். புடவையோடு போய்த் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் சாய்த்துக்கொண்டு, "சுருதி எது?" என்று கேட்டேன்.

"உனக்கு எது வேண்டுமோ அது."

"உங்களுக்கு?"

"எனக்கு வேறு ஏதாவது."

"ராகம்?"

"இல்லை."

"தாளம்?"

"அதுவும் இல்லை."

எழுந்து வந்துவிடலாம் என்று தோன்றியது. முதல் நாள் மரியாதைக்காக உட்கார்ந்தேன். அவர் பாஸில் கரகரவென்று ஏதோ இழுத்தார். என் கை தானாகவே அரை மூச்சு தள்ளி அதையே இழுத்தது. மார்கிட் பெட்டியில் கிறீச்சென்று ஒன்றைக் கிளப்பினாள். அரை மூச்சு தள்ளி நானும் கிறீச்சிட்டேன். அவர் நிறுத்தியபோது அந்த இடத்தை நிரப்பினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவ்வளவு கண்றாவியான சத்தத்தையும் விடாமல் பிடித்துவிட்டேனே என்று.

முடிந்ததும் டீட்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான் சொன்னதையே ஏன் திருப்பிச் சொன்னாய்? என்னைக் கேலி செய்தாயா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் ஊரில் அதுதான் மரியாதை என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் மறுபடி ஒரு கேள்வி. "சரி. நீ என்ன சொல்ல வேண்டும் என்று நினைத்தாய்?" அந்த அலுவலகத்து அம்மாளும் இவரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு கேட்கிறார்களோ என்று எரிச்சலாக இருந்தது. அதன் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

குமரேசன்தான் ஒரு பழைய எதிரொலிப் பெட்டியை எங்கிருந்தோ கொண்டுவந்தார். வயலினின் முதுகில் ஒரு சின்ன மைக்கை ஒட்டி அதில் சொருகினார். நான் ஒரு பிடி வாசித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெட்டி அதையே திருப்பி வாசித்தது. வில்லைத் தூக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எத்தனையோ மேடைகளில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் ஒருவர் வருவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னால் ஆள் வந்தால் நாம் எங்கேயாவது போயாக வேண்டும். ராகத்தின் படிக்கட்டில் கொஞ்ச தூரம் போனேன். படிக்கட்டு முடிந்த இடத்தில் நின்றேன். பிறகு மெதுவாகக் காலை வெளியே வைத்தேன்.

மில்லுக்குத் திரும்பிப் போனேன். டீட்டர் ஒன்றும் கேட்காமல் உட்காரத் தரையைத் துடைத்துக் கொடுத்தார். பிறகு வந்த வருஷங்களில் ஊர் ஊராக வாசித்தோம். எண்ணி எடுத்த சில பேர்தான் கேட்க வருவார்கள், ஆனால் காதை அப்படியே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நிலாவை வயிற்றில் வைத்துக்கொண்டும் வாசித்தேன். அதனால்தான் அவளுக்குச் சங்கீதம் என்றாலே ஆகவில்லை என்று குமரேசன் சொல்வார். அவள் கால்பந்து ஆடுகிறாள். நன்றாக ஆடுகிறாள் என்கிறார்கள், எனக்கு அதில் ஒன்றும் தெரியாது.

அக்காவுக்கு ஒரு கேசட் அனுப்பினேன். பதில் வர வெகுநாள் ஆயிற்று. வழியில் கேசட் கெட்டுவிட்டது, வெறும் மெஷின் சத்தம்தான் வருகிறது, வேறு அனுப்பு என்று எழுதியிருந்தாள். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாளா, இல்லை என்னைக் குத்தினாளா என்று எனக்குப் புரியவில்லை. வேறு அனுப்பவும் மனசு வரவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு பையன் வந்து அவளுக்கு வாசிக்கத் தொடங்கியிருந்தான். நல்ல கை என்று எழுதியிருந்தாள். அதையும் சேர்த்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன்.

5

போன வருஷம் நானும் நிலாவும் ஒசூருக்குப் போனோம். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் சூட்கேஸைத் திறந்து எதிரொலிப் பெட்டியின் வயர்களைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, டிரான்சிஸ்டரா?"

"வயலினுக்கு மாட்டுறது சார்."

"வயலினுக்கு எதுக்கும்மா கரண்டு?"

ஃபிரிட்ஜிலிருந்து தொடங்கி விளக்க ஆரம்பித்தேன். அவரே சலித்துப்போய் அனுப்பிவிட்டார்.

நிலா ஊரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள் என்று பயந்தேன். நடந்தது வேறு. அக்கா வீட்டுத் தெருவில் பிள்ளைகள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிக்கிறார்கள். நடுவில் ஒரு தெலுங்கு வசவு. இவளுடைய ஜெர்மனையும் அதில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் அவளைத் திருத்தவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் தெருவில் நின்றுகொண்டு தமிழில் பந்து கேட்கிறாள். வீட்டில் நான் தலைகீழாக நின்று பார்த்தும் வராத தமிழ்.

அக்கா என் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். தலையைத் தடவினாள். எதிரொலிப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமாதான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர் கோவிந்தராஜ், சாப்பிடும்போது பேச்சை எடுத்தார். அவர் ஒரு கம்பெனியில் ஃபிட்டர், அக்காவுக்கு மிருதங்கமும் அவர்தான்.

"நீ அனுப்புன கேசட்ட போட்டுட்டு, நம்ம டேப்புதான் போயிடுச்சுனு நெனச்சு கடைக்கு எடுத்துகினு போனோம். கடைக்காரன் பிரிச்சுப் பாத்துட்டு, டேப்புல ஒரு கோளாறும் இல்ல, பாட்டே அப்புடித்தான்னு சொல்லிட்டான்."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "ராகம் இல்ல, தாளம் இல்ல, சுருதி கூட இல்ல. டீச்சரம்மா கேட்டா என்னா நெனைப்பாங்க? அது வாசிப்பாடி?" என்றாள்.

"வாசிப்புதான்க்கா."

"எனக்குத் தெரியல." சோற்றைப் போட்டாள். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்க."

மறுநாள் மாமாவின் கம்பெனியில் ஆயுதபூஜை. காலண்டரில் பூஜை அடுத்த நாள்தான். ஆனால் அன்றைக்கு லீவு என்பதால் கம்பெனிகளில் முதல் நாளே கும்பிட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் அங்கே அக்கா கச்சேரி, அதற்குப் பிறகு சினிமாப் பாட்டு ஆர்க்கெஸ்ட்ரா. அன்று காலை ஏதோ தகராறில் கர்நாடகப் பஸ்ஸெல்லாம் எல்லையோடு நின்றுவிட்டது. வயலின் பையன் வரவில்லை. அக்கா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். கடைசியில் என் முன்னால் வந்து நின்றாள்.

"நீதான் உக்காரணும். ஆனா ஒண்ணு. ஒழுங்கா பின்னாடி வரணும். அந்தப் பொட்டி மேடைக்கு வரக்கூடாது."

சரி என்றேன். ஒரு பக்கம் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபக்கம் என் கையை நம்ப முடியவில்லை. பின்னாலேயே போகக் கூடாது என்று கையை இத்தனை வருஷம் பழக்கியிருக்கிறேன். அது இப்போது சொன்னபடி கேட்குமா?

6

கம்பெனி ஷெட்டுக்குள் லேத்துகளுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். அப்பா நிற்கும் மெஷின் எது என்று பிள்ளைகள் தேடிக்கொண்டிருந்தார்கள். பொரியும் கடலையும் பொட்டலமாகப் போய்க்கொண்டிருந்தது. நிலா, என் அக்காவின் பிள்ளைகளோடு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. கை எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது. அக்கா திரும்பிப் பார்த்து ஒரு தரம் தலையாட்டினாள். பிறகு பெரிய ராகத்தைத் தொடங்கினாள். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது, சுருதிப் பெட்டி செத்தது. அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். ஷெட்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் தடதடவென்று கிளம்பியது. விளக்கு வந்தது. ஸ்பீக்கர்களில் 'ம்ம்ம்' என்று பெரிய முனகலும் வந்தது.

அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேலே. கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்.

சுருதிப் பெட்டியும் உயிர் பெற்று அஞ்சு கட்டையில் இரைந்தது. இரண்டும் ஒன்றோடொன்று உரசி ஷெட் முழுக்க அதிர்ந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டாள். மைக்செட்காரர் வயரைப் பிடுங்கினார், சொருகினார். "எர்த்து சரியில்லம்மா. கரண்டு வர்ற வரைக்கும் இப்புடித்தான் இருக்கும்" என்றார். மேனேஜர் மேடைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "அப்ப முடிச்சுக்கலாமாம்மா? ஆர்க்கெஸ்ட்ரா பசங்க ரெடியா இருக்காங்க. அடுத்த வருஷமும் இப்புடி ஆனா கஷ்டம், அவங்களயே வச்சுக்கலாம்னு ஆபீஸ்ல பேச்சு இருக்கு."

"இதுல பாட முடியாது" என்றாள் அக்கா, என்னைப் பார்த்து. அவள் முகம் சுருங்கிவிட்டது. கல்யாண வீட்டில் கிரைண்டரை நிறுத்தச் சொல்லலாம். ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னால் விளக்கும் போய்விடும்.

நான் கையை நீட்டிச் சுருதிப் பெட்டியை அணைத்தேன். பாடுகிறவர் இருக்கும்போது பக்கவாத்தியம் செய்யக் கூடாத காரியம் அது. "என்னா பண்ற நீ?" என்று மாமா பதறினார். பிருடைகளைத் திருகித் தந்திகளை ஜெனரேட்டருக்கு ஏற்றினேன். ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தை இழுத்தேன். உரசல் போன இடம் தெரியவில்லை. ஷெட்டே சுருதிப் பெட்டி ஆகிவிட்டது. அக்கா விட்ட இடத்திலிருந்து ராகத்தை எடுத்தேன்.

கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போனது. யாரோ கம்ப்ரஸரைப் போட்டார்கள் போல, பாரம் தாங்காமல் ஜெனரேட்டர் இறங்கியது, கூடவே ஸ்பீக்கரின் சுருதியும் வழுக்கியது. வேறு யாராக இருந்தாலும் வில்லைத் தூக்கியிருப்பார்கள். நான் அதோடு சேர்ந்து வழுக்கினேன். அதற்குப் பிறகு ராகத்தில் நிற்க முடியாது. நிற்கவும் எனக்கு ஆசையில்லை. தந்திகளைத் தாங்குகிற குதிரையின் ஓரத்தில் வில்லை அழுத்தித் தேய்த்தேன், தந்தியை விரல் நுனியால் மட்டும் தொட்டு விசிலடிக்கவைத்தேன், தடதடப்புக்குக் குறுக்கே தடதடத்தேன்.

"டேய், பேரிங் போச்சு டோய்" என்றார் முன்வரிசையில் ஒருவர். ஷெட் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்காக இன்னும் கொஞ்சம் பேரிங்கைத் தேய்த்துக் காட்டினேன். பிள்ளைகள் மேடைக்குக் கிட்டே நகர்ந்து வந்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

ஆனால் நான் பயந்தது முன்வரிசைக்கு இல்லை. வயலின்காரர் நீட்டிக்கொண்டே போனால் பாடுகிறவர் மெதுவாகத் தொண்டையைக் கனைப்பார். போதும் என்று அர்த்தம். அக்கா அதில் கெட்டிக்காரி. எப்போது கனைப்பாள், எப்போது கனைப்பாள் என்று என் இடது காது அவள் பக்கமே இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அவள் கனைத்தால் நிறுத்திவிடுவது, அதற்குப் பிறகு இவளிடம் இதைப் பற்றிப் பேசவே போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அவள் கனைக்கவில்லை. பாடினாள்.

வார்த்தை இல்லை, ஸ்வரம் இல்லை, வெறும் 'ஆ' என்கிற அகாரம். நான் வாசித்த பிடியையே அரை மூச்சு தள்ளிப் பாடினாள். நான் வழுக்கினால் வழுக்கினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நெற்றி முழுக்கச் சுருக்கத்தோடு, கணக்குப் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி பாடினாள். ஒரு இடத்தில் என்னைத் தவறவிட்டு நின்றுவிட்டாள். அவள் வந்து சேருகிறவரை நான் அந்த ஸ்வரத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தாள். விசிலடிக்கிற இடத்தை மட்டும் அவளால் பாட முடியவில்லை, அதற்குத் தலையை ஆட்டினாள். மாமா மிருதங்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்தது. ஜெனரேட்டர் இருமி அடங்கியது. நாங்களும் நிறுத்தினோம். கைதட்டியவர்களும் உண்டு, ஆர்க்கெஸ்ட்ரா எப்போது என்று கேட்டவர்களும் உண்டு. மேனேஜர் மரியாதைக்கு, "இது என்ன ராகம்மா?" என்று கேட்டார்.

"அவளத்தான் கேக்கணும்" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு பழைய சுருதிக்குத் திரும்பி இரண்டு சின்னப் பாட்டு பாடினாள். கச்சேரி முடியும் நேரத்தில் பாடுகிறவர் பக்கத்தில் இருப்பவர்களை அறிமுகம் செய்து வைப்பது வழக்கம். தன் பெயரைச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அதற்கு அவசியமும் கிடையாது. அக்கா மைக்கைக் கிட்டே இழுத்தாள்.

"மிருதங்கம், கோவிந்தராஜ்" என்றாள். மாமா கும்பிட்டார்.

"வயலின், தேன்மொழி."

நானும் கும்பிட்டேன். கையை இறக்குவதற்குள் அவள் இன்னும் ஒன்று சொன்னாள்.

"பக்கப்பாட்டு, கலைச்செல்வி."

சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வெந்நீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள். கீழே பொரிப் பொட்டலம் பிரிக்கிற சத்தம்தான் கேட்டது, அவர்களில் யாருக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை. நான் வயலினை மடியில் சாய்த்து வைத்துவிட்டு, கம்பெனி முழுக்கப் பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.